காலி எடை

இன்னும் அரை மணி நேரமாவது ஆகும் தம்பி, உட்காருங்க. மாசத்துல ஒரு நாள் பராமரிப்புன்னு நிறுத்துவாங்க. காலையில ஒம்போது மணிக்குப் போனா ரெண்டு மணிக்குத்தான் வரும். கரண்ட் இல்லாம எடை மேடை வேலை செய்யாது. பேட்டரி ஒண்ணு இருந்துச்சு, அது போய் மூணு மாசமாச்சு. மாத்தணும். மாத்தலாம்.

அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதோ இந்த டயர் அடுக்குல உட்காருங்க. ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு கிடக்குது, மேல சாக்கு விரிச்சிருக்கேன். லுங்கியில மஞ்சளா ஏதாவது ஒட்டுனா எந்திரிக்கும்போது தட்டி விட்டுக்குங்க.

மக்காச்சோளமா? தீவன மில்லுக்கா? அவங்க மேடையே அங்க இருக்குமே. வெளிச்சீட்டு வேணும்னு கேக்கறாங்களா? கேக்கட்டும், நல்லதுதான். ரெண்டு இடத்துல எடை பார்த்தா ரெண்டு பேருக்கும் நிம்மதி. சங்ககிரியில இருந்து பவானி வரைக்கும் ஆறு மேடை இருக்குது தம்பி. ஆனா சென்னியப்பன் மேடைச் சீட்டுன்னா எந்த மில்லுலயும் மறு கேள்வி கேக்க மாட்டாங்க. பெருமைக்குச் சொல்லல. இருபத்திரெண்டு வருஷமா எடை பார்க்கறேன், எடையில தப்பு வந்ததில்ல.

அதுங்களா? மேசை மேல கல்லு வெச்சிருக்கற சீட்டுங்க. அதெல்லாம் காலி எடை. சும்மா வண்டியை ஏத்தி ஒரு எடை போட்டுட்டுப் போவாங்க. அப்புறம் பாரம் ஏத்திட்டு வந்து இன்னொரு எடை. ரெண்டையும் கழிச்சாத்தான் பாரம் எவ்வளவுன்னு தெரியும். உங்களுக்குத் தெரியாததா? காலி எடை போட்டுட்டுப் போன வண்டி திரும்பி வர்ற வரைக்கும் சீட்டு பாதியில நிக்கும். நானும் எடுத்துப் போட மாட்டேன். சில வண்டி ஒரு மணி நேரத்துல வரும், சிலது ரெண்டு நாள் ஆகும். ஆனா வந்துரும். காலி எடை போட்டுட்டு வராமப் போன வண்டின்னு ஒண்ணு கூட இல்ல.

கார் நம்முளுதுதான். வேப்பமரத்தடியில நிக்கறது.

அட, பாத்துட்டீங்களா? லாரிக்காரர் கண்ணு எப்பவும் சக்கரத்துலதான் போகும். ஆமாங்க. முன்னாடி ரெண்டும் ஒரு மாதிரி, பின்னாடி ரெண்டும் ஒரு மாதிரி. பின்னாடி இருக்கற ரெண்டும் ஒல்லி. அதுல ஒரு கதை இருக்குது. கதைன்னா கதை இல்ல, டயர்க் கடைக்காரன் பண்ணுன வேலை.

அந்த வண்டி ஏழு பேர் உட்கார்ற வண்டி. எங்க வீட்டுல அப்ப மூணு பேர். நான், எங்க வீட்டுக்காரி சம்பூர்ணம், ஒரே பொண்ணு எங்க அம்மிணி கோகிலவாணி. மூணு பேருக்கு எதுக்கு ஏழு சீட்டுன்னு எல்லாரும் கேட்டாங்க. நாளைக்கு அம்மிணிக்குக் கல்யாணம் ஆகும், மாப்பிள்ளை வருவாரு, பேரன் பேத்தி வரும், அப்ப வண்டியை மாத்தவா முடியும்னு சொன்னேன். எதையும் முன்கூட்டியே யோசிச்சுச் செய்யற ஆள் நான். வண்டி வந்த அன்னைக்கே ஆளுக்குப் பதிலா ஒவ்வொரு சீட்டுலயும் மக்காச்சோள மூட்டையை வெச்சு, பின் சக்கரத்தை மட்டும் மேடையில ஏத்தி எடை பார்த்தேன். மூட்டைக்கெல்லாம் சீட் பெல்ட் போட்டு விட்டா எங்க அம்மிணி. போட்டுட்டு சிரிக்கறா, சிரிக்கறா. பின் அச்சுல தொள்ளாயிரத்து எழுபது கிலோ இறங்குச்சு. இன்னைக்கும் நெனப்பு இருக்குது.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எங்க வீட்டுல ஒரு பழக்கம். மேடைக்குப் பொட்டு வெச்சு, பூசணிக்காய் உடைச்சதும், முதல் எடை எங்க கார்தான். வீட்டு ஆளுங்க எல்லாம் உள்ள உட்கார்ந்துக்குவோம். எல்லாரும் உள்ள இருந்தா பொத்தானை அமுக்க ஆள் வேணுமே? அந்த நேரத்துக்கு மேடைக்கு வந்து நிக்கற டிரைவர் யாரோ, அவர் அமுக்குவாரு. ஊரு பேரு தெரியாத ஆளா இருப்பாரு, அவருக்கு ஒரு தேங்காய் மூடியும் பொரியும் குடுப்போம். அந்தச் சீட்டை எடுத்து அந்தச் சுவத்துல ஒட்டுவேன். அதோ வரிசையா இருக்குதுல்ல, அதுதான். கடைசி மூணைப் படிங்க. ஆயிரத்து முந்நூத்துத் தொண்ணூறு. அதுக்கு அடுத்த வருஷம் ஆயிரத்து முந்நூத்து முப்பது. போன வருஷமும் முந்நூத்து முப்பது.

அறுபது கிலோ குறைஞ்சிருக்குது. வண்டி இலகுவாயிருச்சு. பெட்ரோல்கூட மிச்சம்தான்.

நான் டயரைச் சொல்ல வந்தேன்.

உங்க லாரி டயர்ல இத்தனை அடுக்கு, இத்தனை ப்ளைன்னு போட்டிருக்கும். காருக்கு அப்படி இல்ல. டயர் பக்கவாட்டுல அளவு எழுதியிருக்கும்ல, அது முடியற இடத்துல ஒரு நம்பர் இருக்கும். எங்க வண்டிக்கு எண்பத்தெட்டு. எண்பத்தெட்டுன்னா எண்பத்தெட்டு கிலோ இல்லீங்க. அதுக்குன்னு ஒரு பட்டியல் இருக்குது. எண்பத்தெட்டுன்னா அந்த ஒரு டயர் ஐந்நூத்து அறுபது கிலோ தாங்கும். எண்பத்துநாலுன்னா ஐந்நூறு. நாலு நம்பர்தான் குறைவு, ஆனா டயருக்கு அறுபது கிலோ போயிரும். அறுபது கிலோன்னா ஒரு ஆளு. வண்டிக் கம்பெனி சொன்ன நம்பருக்கு மேல போகலாம், கீழ மட்டும் போகவே கூடாது. நம்பர் சின்னதா இருக்கற டயர் பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஓடவும் ஓடும். வண்டி நிறைய ஆள் ஏறி, வெயில்ல தார் ரோட்டுல ஒரு மணி நேரம் ஓடும்போதுதான் தெரியும்.

இதெல்லாம் எனக்கு யார் சொன்னாங்கன்னா, முன்னாடி நாங்க போயிட்டிருந்த கடையில ஒரு பையன் இருந்தான். சக்கரம் நேரா ஓடுதான்னு அலைன்மென்ட் பார்க்கறவன். நல்ல வேலைக்காரன், அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். முதல் தடவை போனப்ப டயரை உருட்டிட்டு வந்து என் முன்னாடி நிறுத்தினான். மஞ்சள் சாக்பீஸ்ல அந்த எண்பத்தெட்டைச் சுத்தி ஒரு வட்டம் போட்டான். "ஐயா, டயர் வாங்கறவங்க எல்லாம் பேரைப் பார்ப்பாங்க, விலையைப் பார்ப்பாங்க. நீங்க எடை பார்க்கற ஆளு, நீங்க இதைப் பாருங்க"ன்னான். அப்புறம் பட்டியலை மனப்பாடமாச் சொன்னான். எண்பத்திரெண்டு, எண்பத்துநாலு, எண்பத்தாறு, எல்லாத்துக்கும் கிலோ சொன்னான். எனக்கு ஆச்சரியமாப் போச்சு. எடையைப் பத்தி இவ்வளவு சுத்தமாப் பேசற ஆளை நான் பார்த்ததில்ல. வீட்டுக்கு வந்து ஒரு மாசம் அவன் பேச்சுத்தான் பேசிட்டிருந்தேன். சாப்பிட உட்கார்ந்தா அவனைத்தான் சொல்லுவேன். சம்பூர்ணம் "போதுமுங்க, டயர்ல உப்புப் பத்தல"ம்பா.

அதுக்கப்புறம் அலைன்மென்ட்டுக்கு அம்மிணியைத்தான் வண்டியோட அனுப்பினேன். எனக்கு மேடையை விட்டு நகர முடியாதே. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கணும்ப்பா, இல்லைன்னா டயர் ஒரு பக்கமாத் தேயும்னு அவளேதான் சொல்வா. அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவைன்னா. பொட்டப்புள்ளைக்கு வண்டி மேல இவ்வளவு அக்கறையான்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிச் சந்தோசப்பட்டேன்.

சிரிக்காதீங்க. எனக்கு அது அப்ப தெரியாது.

அந்தப் பையன் வீட்டுக்காரங்க நம்ம ஆளுங்க இல்ல. அவ்வளவுதான் சொல்ல முடியும். பவானியில ரெண்டு பேரும் பதிவுக் கல்யாணம் பண்ணிட்டாங்க. இப்ப கோபி பக்கத்துல ஒரு வீடு. அவனே சின்னதா ஒரு டயர்க் கடை போட்டிருக்கான். நான் சண்டைக்குப் போகல, கத்தல. நான் கோவக்காரன் இல்ல தம்பி. வீட்டுக்கு வராதீங்கன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. வாங்கன்னும் சொன்னதில்ல. ரெண்டு வருஷம் அப்படியே போச்சு. காலையில மேடைக்கு வருவேன், சாயங்காலம் வீட்டுக்குப் போவேன். அந்தப் பழைய டயர்க் கடைப் பக்கம் மட்டும் போறதில்ல.

தை மாசம் ஒரு நாள், சம்பூர்ணம் சோத்தைப் போட்டுட்டு எதிர்ல உட்கார்ந்தா. எதிர்ல உட்கார்ந்தான்னாலே ஏதோ இருக்குதுன்னு அர்த்தம்.

"ஏனுங்க, சீலன் போன் பண்ணுச்சு."

யாரு சீலன்னு கேட்டேன்.

"ஜெயசீலன். உங்களுக்குத் தெரியாதாக்கும். அம்மிணிக்கு ஏழு மாசம். முதல் பிரசவம். நாம போய்த்தான் கூட்டிட்டு வரணும்."

நான் கையைக் கழுவிட்டு வெளிய வந்து வண்டியைப் பார்த்தேன். டயர் நாலும் தேஞ்சு கிடந்துச்சு. வாங்கி ஆறு வருஷம் ஆச்சு, தேயாம என்ன செய்யும்? உள்ள போய்ச் சொன்னேன். "டயர் சரியில்ல. புள்ளத்தாச்சியை வெச்சுட்டு இந்த டயர்ல வர முடியாது. மாத்திட்டுப் போலாம்."

நான் சொன்னது டயரைப் பத்தித்தான். அவ என்ன நெனச்சாளோ, அன்னைக்குச் சாயங்காலம் பணியாரம் சுட்டா. மெத்தையைத் தூக்கி வெயில்ல போட்டா. அம்மிணி ரூமுல மூணு நாள் ஒட்டடை அடிச்சா.

பழைய கடைக்குப் போக முடியாது. அதனால புதுசா தனபாலுன்னு ஒருத்தன் கடைக்குப் போனேன். எண்பத்தெட்டு வேணும்னு தெளிவாச் சொன்னேன். சரீங்ணான்னான். வண்டியைத் தூக்கினதும் நான் எதிர்ல டீ குடிக்கப் போனேன். தம்பி, அந்த ஒரு டீதான். வந்து பார்த்தா நாலு டயரும் மாட்டி, வண்டி கீழ இறங்கி நிக்குது. நான் குனிஞ்சு ஒவ்வொண்ணாப் படிச்சேன். முன்னாடி ரெண்டும் எண்பத்தெட்டு. பின்னாடி ரெண்டும் எண்பத்துநாலு, அளவும் சிறுசு.

"தனபாலு, என்ன இது?"

"எண்பத்தெட்டு ரெண்டுதாங்ணா இருந்துச்சு. பின்னாடிக்கு இதைப் போட்டிருக்கேன். ஒண்ணும் ஆகாது."

"யாரைக் கேட்டுப் போட்ட?"

"வீட்டுல எத்தனை பேருங்ணா?"

"வண்டி ஏழு பேருக்கு."

"வண்டியைக் கேக்கலீங்ணா. வீட்டுல எத்தனை பேரு? நீங்களும் அக்காவும். ரெண்டு பேருக்கு இதே அதிகம். பின் சீட்டுல காத்துத்தான் உட்கார்ந்து வருது. காத்துக்கு எதுக்குங்ணா எண்பத்தெட்டு?"

கடையில இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. டீக்கடைக்காரன்கூட எதிர்ல இருந்து சிரிச்சான்.

எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறாதது அதுதான் தம்பி. டயர் இல்லாட்டி இல்லைன்னு சொல்லு. எத்தனை பேருன்னு நீ எதுக்குக் கேக்கற? ஒரு வண்டிக்கு எத்தனை சீட்டோ அத்தனைக்கும் சேர்த்துத்தான் டயர். இன்னைக்கு யார் உட்கார்ந்திருக்காங்கன்னு பார்த்தா டயர் வாங்கறது? ஏழு பேர் ஏறினா பின் அச்சுல தொள்ளாயிரத்து எழுபது. எண்பத்துநாலு ரெண்டு போட்டா மொத்தம் ஆயிரம். முப்பது கிலோதான் மிச்சம். ஒரு பள்ளத்துல இறங்கினா என்ன ஆகும்? இதைச் சொன்னேன். அவன் "அண்ணா, நீங்க ஏழு பேரைக் கூட்டிட்டு வாங்க, நான் எண்பத்தெட்டைக் கூட்டிட்டு வர்றேன்"ங்கறான். திரும்பவும் சிரிப்பு.

சரி, ஆர்டர் போடுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதுவரைக்கும் பின்னாடி இதுவே இருக்கட்டும்னு விட்டேன்.

பத்து நாள் கழிச்சு வந்துச்சு. பக்கவாட்டுல நாலு எண் இருக்கும், முதல் ரெண்டும் தயாரான வாரம், அடுத்த ரெண்டும் வருஷம். படிச்சுப் பார்த்தா மூணு வருஷப் பழசு. எங்கயோ கிடங்குல கிடந்த டயர். திருப்பிட்டேன். அடுத்து மாசிக் கடைசியில வந்துச்சு. நம்பர் சரி, வருஷம் சரி, அளவு தப்பு. அதையும் திருப்பிட்டேன். ஈரோட்டுல கேட்டேன், சேலத்துல கேட்டேன். சேலத்துல ஒருத்தன் வெச்சிருந்தான், ஆனா சாக்குல சுத்தி வெயில்ல போட்டிருந்தான். அது ஆகாதுன்னு வந்துட்டேன்.

 சம்பூர்ணம் ஒரு நாள் சொன்னா. "மேடைக்கு வர்ற லாரிக்காரங்க பதினாலு சக்கரத்தை ஒரே நாள்ல மாத்திட்டு ஓட்டறாங்க. உங்களுக்கு ரெண்டு டயருக்கு ரெண்டு மாசம்."

அவசரப்பட்டா தப்பு வரும்னு சொன்னேன். அது உண்மைதானுங்களே? நீங்க லாரி ஓட்டறீங்க, நீங்களே சொல்லுங்க.

பங்குனியில ஒரு நாள் விடியக்காலம் போன் வந்துச்சு. டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னாடியே பொறந்துருச்சு. பொட்டப்புள்ள. நான் பல் விளக்கிட்டு இருந்தேன். சம்பூர்ணம் பையில துணியை எடுத்து வைக்கறா. பழைய சேலையெல்லாம் கிழிச்சு முன்னாடியே மடிச்சு வெச்சிருந்திருக்கா, எனக்குத் தெரியாது.

"தனபாலு வியாழக்கிழமை டயர் வந்துரும்னு சொல்லியிருக்கான்"ன்னேன்.

"வியாழக்கிழமை வர்றது வரட்டுங்க. புள்ள இன்னைக்கே வந்துருச்சு"ன்னா. செருப்பை மாட்டிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தா. இந்த மேடையைத் தாண்டித்தான் போனா. நான் அதுக்குள்ள இங்க வந்து ஒரு சிமெண்ட் வண்டிக்கு எடை போட்டுட்டு இருந்தேன்.

அன்னைக்கு மத்தியானம் போன் பண்ணினா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, குழந்தை ரெண்டு கிலோ தொள்ளாயிரம்னா. நான் சொன்னேன், நம்ம மேடையில காட்டாதுன்னு. பத்து கிலோவுக்குக் கீழ நம்ம மேடை காட்டாதுங்க தம்பி, இது அறுபது டன் மேடை. அதைத்தான் சொன்னேன். அவ போனை வெச்சுட்டா. சரியான விசயத்தைத்தான் சொன்னேன். அதுல கோவிச்சுக்க என்ன இருக்குதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

இன்னைக்கோட நாப்பது நாள் ஆச்சு அவ போய். சமைச்சுக்கறேன். ஒரு டம்ளர் அரிசி ரெண்டு வேளைக்கு வருது. ரசம் வெச்சா மூணு நாள் ஓடுது. அம்மிணி ரூமுல அந்த மெத்தை அப்படியே விரிச்சபடி கிடக்குது. கதவைச் சாத்தி வெச்சிருக்கேன், உள்ள தூசி போயிரும்னு. கஷ்டம்னு ஒண்ணும் இல்ல. பசிச்சா சாப்பிடறேன், மணி ஆனாப் படுக்கறேன்.

தனபாலு டயர் அந்த வியாழக்கிழமை வரல. அதுக்கடுத்த வியாழக்கிழமையும் வரல. நானும் கேக்கறதை விட்டுட்டேன்.

இல்லீங்க, சம்பூர்ணத்துகிட்ட இருந்து போன் வந்துச்சு. இன்னைக்குக் காலையிலதான் வந்துச்சு. சாயங்காலம் குழந்தைக்குப் பேரு வெச்சுத் தொட்டில்ல போடறாங்களாம். "வந்தா எங்களையெல்லாம் கூட்டிட்டுப் போங்க. வரலைன்னா நான் இங்கயே இருந்துக்கறேன். இனிமே நானா போன் பண்ண மாட்டேன். எனக்கும் அம்பத்திநாலு வயசாச்சு, கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் வலிக்குது." அவ்வளவுதான் சொன்னா. சத்தம் போடல. அவ சத்தம் போட்டிருந்தா நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

எப்படிப் போறதுங்க? பின்னாடி எண்பத்துநாலு கிடக்குதே. பச்சைக் குழந்தையை வெச்சுட்டு, இந்த வெயில்ல, ஒண்ணரை மணி நேர ரோடு.

என்ன பார்க்கறீங்க? சாக்கை எதுக்குத் தூக்கறீங்க?

ஆமா. எண்பத்தெட்டுத்தான். ரெண்டும் எண்பத்தெட்டு. மஞ்சள் சாக்பீஸ்ல வட்டம் போட்டிருக்குது பாருங்க, அதுதான் உங்க லுங்கியில ஒட்டுனது. இருபது நாள் முன்னாடி கோபியில இருந்து வாழைத்தார் ஏத்திட்டு எடைக்கு வந்த வண்டிக்காரர் இறக்கி வெச்சுட்டுப் போனாரு. யார் குடுத்தாங்கன்னு கேட்டேன். "டயர்க் கடைக்காரத் தம்பி குடுத்துச்சு, சென்னியப்பண்ணன் மேடையில இறக்கிருங்கன்னு சொல்லுச்சு"ன்னாரு. சீட்டு, கடுதாசி ஒண்ணும் இல்ல. தயாரான வாரத்தையும் வட்டம் போட்டிருக்கான் பாருங்க. இந்த வருஷம் அஞ்சாவது வாரம். வேற எங்கயும் இவ்வளவு புதுசு கிடைக்காது. இரும்புச் சக்கரத்தோடயே மாட்டி அனுப்பியிருக்கான். கடைக்குப் போக வேண்டியதில்ல, நட்டைக் கழட்டி மாட்டினாப் போதும்னு.

மாட்டலாம்தான். யார் மாட்டக் கூடாதுன்னா?

ஜாக்கி கெட்டுப் போச்சுங்க, எங்க வண்டி ஜாக்கி. உங்க லாரியில இருக்குதா? லாரி ஜாக்கி காருக்குக் கீழ போகுமா? ஓ, அது கட்டையான சின்ன ஜாக்கியா? நாற்பது நாள் நின்ன வண்டி, நட்டு துருப்பிடிச்சிருக்கும். எண்ணெய் இருக்குதா? எல்லாமே வெச்சிருப்பீங்களா உங்க வண்டியில? டயர்ல காத்துப் போயிருக்கும் தம்பி, இருபது நாளா எல்லாரும் மேல உட்கார்ந்திருக்காங்க. அமுக்கிப் பார்த்துட்டீங்களா? கல்லு மாதிரி இருக்குதா?

இருக்கும். அவன் காத்து அளந்துதான் அடிச்சிருப்பான்.

எங்க போறீங்க? உங்களுக்கு மில்லுக்கு நேரமாகலையா? தம்பி, சொன்னாக் கேளுங்க. வெயில்ல எதுக்கு? நில்லுங்க, நான் டயரை உருட்டிட்டு வர்றேன். ஒரு டயரை நீங்க எடுங்க. சாக்கு அங்கயே கிடக்கட்டும்.

இந்தக் கல்லை முன் சக்கரத்துக்கு அண்டை குடுங்க, வண்டி நகரும். ஜாக்கியை அங்க வைக்காதீங்க, தகரம் அமுங்கிரும். கொஞ்சம் உள்ள தள்ளி, அந்த வெட்டுக்கு நேரா. ஆமா, அங்கதான். நீங்க எந்த ஊருன்னு நான் கேக்கவே இல்லையே. ஒட்டன்சத்திரமா? எத்தனை புள்ளைங்க? ரெண்டும் பொட்டப்புள்ளையா. சரி. சரி.

நட்டை ஒரே பக்கமா சுத்திச் சுத்தி முடுக்காதீங்க. குறுக்கா முடுக்கணும். முதல்ல மேல, அப்புறம் எதிர்ல கீழ. ஒண்ணை முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது, எல்லாத்தையும் பாதி பாதியா முடுக்கி, வண்டியைக் கீழ இறக்கிட்டு அப்புறம் மீதி. அவரு அப்படித்தான் முடுக்குவாரு. அலைன்மென்ட்டுக்கு முன்னாடி எல்லா நட்டையும் திரும்ப ஒரு தடவை பார்ப்பாரு. முதல் தடவை போனப்ப நான் பக்கத்துலயே நின்னு பார்த்திருக்கேன்.

அதோ, ஃபேன் சுத்துது. கரண்ட் வந்துருச்சு.

உங்க வண்டியை ஏத்துங்க முதல்ல. உங்க வேலை முடியட்டும், நேரமாச்சு. இன்னும் கொஞ்சம் முன்னாடி... போதும். இறங்கிக்குங்க. ஆள் இல்லாமத்தான் எடை போடுவேன். இருபத்து நாலாயிரத்து எண்ணூத்து அறுபது. படிச்சுப் பார்த்துக்குங்க. காசா? ஜோப்புல வைங்க அதை. வெச்சுக்குங்கன்னு சொல்றேன்ல.

வண்டியை மேடையை விட்டு இறக்கி ஓரமா நிறுத்திட்டு, ஒரு நிமிசம் வாங்க தம்பி. ஒரு சின்ன வேலை. நீங்க இந்த நாற்காலியில உட்காருங்க. ஆடும், பார்த்து. நான் காரை மேடைக்கு ஏத்தறேன். இல்ல, இறங்க மாட்டேன், உள்ளதான் இருப்பேன். வீட்டு வண்டிக்கு ஆளோடதான் எடை. நான் கையைக் காட்டினதும் இந்தப் பச்சைப் பொத்தானை ஒரே ஒரு தடவை அமுக்குங்க. மொத்த எடையா, காலி எடையான்னு கேக்கும்.

காலி எடைன்னு போடுங்க.

வண்டி நம்பர் ஏற்கெனவே இருக்குது, அடிக்க வேண்டியதில்ல. அமுக்கிட்டீங்களா? என்ன காட்டுது? சத்தமாச் சொல்லுங்க, இங்க கேக்கல. ஆயிரத்து இருநூத்து எழுபதா?

சரிதான். சரியாத்தான் இருக்கும்.

சீட்டை எங்கிட்டக் குடுக்க வேண்டாம். மேசையிலேயே, அந்தச் சீட்டுங்களோட வெச்சுட்டு மேல கல்லை வைங்க. ஃபேன் காத்துல பறந்துரும். போகும்போது கதவைச் சாத்தி, அந்தப் பூட்டைச் சும்மா தொங்க விட்டுட்டுப் போங்க தம்பி. யாராவது எடைக்கு வந்தா, நாளைக்குக் காலையில வரச் சொல்லுங்க.